டீமை யார் எடுப்பது

கல்லாறு போகும் பஸ்ஸில், மழைச் சத்தத்தில் பாதித் தூக்கமாக இருந்தேன்.

"கோல் காக்கிற கோலியை பிரசிடென்ட் எடுத்தா, பந்தையும் அவரே பிடிக்கட்டும்."

முன்சீட்டில் ஒரு கால்பந்து கிளப்பின் செக்ரட்டரியும், அவர் கோச்சாக வரச்சொல்லி அழைத்துக்கொண்டிருந்த நரைத்தலைக்காரரும். மலையாளம் கலந்த பேச்சு; முதலில் கேட்டது நரைத்தலைக்காரர் குரல்.

"பிரசிடென்ட், நான், நீங்க, மூணு பேரும் சேர்ந்து எடுக்கலாமே சார்?"

"வேண்டா. போன கிளப்பில சேர்ந்துதான் எடுத்தோம். தோத்தப்போ யாருமே எடுக்கலைன்னாங்க. பழி கோலிக்கு. பாவம், அவன் பின்னே ஆடவே இல்லை. ஆபீஸை நீங்க பாருங்க, டீம் என்கிட்ட இருக்கட்டும். தோத்தா என்னை அனுப்புங்க."

மழை வலுத்தது.

"பிரசிடென்ட் மகனும் ஆடறான், கேட்டோ."

"நல்லா ஆடுவானா?"

"இல்லை சார்."

"அதை அவர்கிட்ட நான் பறயறேன். அதுக்குத்தானே கோச்சு."

கல்லாறு வருமுன் செக்ரட்டரி அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.