மாதச் சந்தாவுக்கு ஒரு நிபந்தனை

— போனை வச்சிட்டார்ல? வைக்காம என்ன பண்ணுவார் கண்ணு? நீ முதல்ல என்ன கேட்ட, அதைச் சொல்லு.

— "நேரமிருந்தா ஒரு நிமிஷம் பேசலாமா சார்"னு கேட்டேங்க்கா.

— நேரமில்லைன்னுட்டார். தப்பிச்சு ஓடக் கதவை நீயே திறந்து வச்சா அவர் உக்காந்துட்டா இருப்பார்? காது கேக்காத பிள்ளைங்களுக்கு மெஷின் வாங்கத்தானே நன்கொடை கேக்குற? கைமாத்து கேக்க வந்தவ மாதிரி எதுக்கு இழுத்து இழுத்துப் பேசுற?

— சங்கடமா இருக்குக்கா.

— சங்கடப்படுறவங்க வீட்டுல உக்காந்து சீரியல் பாக்கணும். மாசாமாசம் சந்தா கட்டுற ஆள் ஒருத்தரையாவது இந்த வாரத்துக்குள்ள நீ பிடிக்கலைன்னா, வேலை போயிடும். ஞாபகமிருக்கா இல்லையா?

— இருக்குக்கா. இந்தச் சம்பளத்தை நம்பித்தான் வாடகைக்கு வீடே எடுத்திருக்கேன்.

— அப்ப நான் சொல்றதைக் கேட்டுக்கோ. ஆபீஸ் போறவங்களை விடு, எச்சில் கையால காக்கா ஓட்ட மாட்டாங்க. தனியா கிடக்கிற வயசானவங்களைப் பிடி. காசைப் பத்தி மூச்சு விடாதே. "சாப்டீங்களாம்மா? முட்டி வலி தேவலையா?" பெத்த பிள்ளைங்க கேக்காததையெல்லாம் நீ கேளு. அப்படியே உருகிடுவாங்க.

— பாவம்க்கா அவங்க.

— ஆமா, பாவ புண்ணியம் பாக்கத்தான் உனக்குச் சம்பளம் குடுக்குறாங்க! எனக்கு எத்தனை அம்மா தெரியுமா? யாருக்குச் சக்கரை, யாருக்கு மருமகளோட சண்டை, எல்லாம் எனக்கு மனப்பாடம். அதுங்களுக்குப் பேச ஆள் வேணும், நமக்கு மெஷின் வேணும். யாருக்கு என்ன நஷ்டம்?

— அக்கா... காலையில நீங்க மீட்டிங்ல இருந்தப்ப ஒரு அம்மா தானாவே கூப்பிட்டாங்க. மாசாமாசம் கட்டுறேன்னாங்க.

— அடிப்பாவி! இதை மென்னு முழுங்கிக்கிட்டா இவ்வளவு நேரம் என் தொண்டைத் தண்ணியை வத்த வச்ச? உன் வேலை நிலைச்சுது போ!

— இன்னும் முடியலைக்கா. காசு கட்டுறவங்களுக்கு நன்றி சொல்லி மாசாமாசம் போன் வருமான்னு கேட்டாங்க. வரும்னேன். எவ்வளவு நேரம் பேசுவீங்கன்னாங்க.

— பாத்தியா, நான் சொன்னேன்ல! பிள்ளைங்க உண்டா?

— ஒரே பொண்ணாம். இதே ஊர்லதானாம். இவங்க கூப்பிட்டா, "வேலையா இருக்கேன், அப்புறம் பேசுறேன்"னு வச்சிடுவாளாம். அந்த அப்புறம் வரவே வராதாம்.

— தூ, அவளெல்லாம் ஒரு பொண்ணு! பெத்தவ பேச்சுத்துணைக்குக் காசு குடுத்து ஆள் பிடிக்கிறா, அந்த மகராசிக்குச் சோறு எப்படித்தான் இறங்குதோ! சரி விடு, அவ ஒழுங்கா இருந்தா நம்ம பொழைப்பு என்னாவுறது? இப்பவே கூப்பிட்டுப் பேசி முடி.

— நான் பேசினா ஆகாதுக்கா. ஆளைச் சொல்லிட்டாங்க. அந்த ஆள் பேசினாத்தான் காசு கட்டுவாங்களாம்.

— ஓ, அம்மணி ஆளெல்லாம் வேற கேப்பாங்களோ? அப்படி யாருதான் பேசணுமாம்?

— நீங்கதானாம்க்கா. "காசு கட்டினா என் பொண்ணு என்கூடப் பேசுவாளா"ன்னு கேட்டாங்க.