வாயை ஊதச் சொன்னவள்

கோயமுத்தூரிலிருந்து ஊட்டி திரும்பும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் கணவரிடம் சொன்னாள்: "வியாதின்னதும் எனக்கு நிம்மதியாயிருச்சுங்க." அவர் காதில் மெஷின் இருந்ததால் சத்தமாகவே சொன்னாள்.

"நிம்மதியா?"

"காது கேக்காததும், கண்ணு மங்கி இருட்டுல தடுமாறுறதும் ஒரே பரம்பரை வியாதியாம். இத்தனை வருஷமா நீங்க குடிக்கிறீங்கன்னுல்ல நெனச்சேன்!"

"பேக்டரி விட்டு வந்தா தெனமும் வாயை ஊதச் சொல்லுவே."

"தேயிலைச் செடிக்குள்ள விழுந்து எந்திரிச்சு வந்தா வேற என்ன நெனைக்கிறதுங்க?"

"வாசம் வந்துச்சா?"

"இல்லீங்க. ஏலக்கா மென்னுட்டு வர்றீங்கன்னு நெனச்சேன்."

அவர் சிரித்தார். பிறகு தயங்கிக் கேட்டார்: "டாக்டரு மாஸ்க் போட்டிருந்தாங்க, வாயசைவு தெரியல. நம்ம பாப்பாவுக்கும் வருமா?"

என் மடியில் தூங்கிய மகளை இறுக்கிக்கொண்டேன். ஒட்டுக்கேட்பது தவறுதான், ஆனாலும் கேட்டேன்.

அவள் அவர் முகத்துக்கு நேராகத் திரும்பினாள். "டெஸ்ட் பாத்தாச்சுங்க. பாப்பாவுக்கு வராது."

"இன்னொருக்கா சொல்லு."

"வராதுங்க."

குன்னூரில் இருட்டிவிட்டது. இறங்கும்போது படியில் அவர் தடுமாறினார்.

"குடிச்சிருக்கியாய்யா?" என்றார் நடத்துனர்.

"அவரு குடிக்க மாட்டாருங்க!" என்று கணவரின் கையைப் பிடித்தாள் அவள். "வேணும்னா ஊதிக் காட்டச் சொல்லட்டுங்களா?"