அக்காவுக்குக் கொடுத்தது

— மிஷினை நிறுத்துக்கா. நான் சொல்றது உன் காதுல விழணும்.

— நாளைக்குக் கொடுக்க வேண்டிய துணி குட்டி. நீ சொல்லு, கேட்டுட்டுதான் இருக்கேன்.

— உனக்காக நான் கருமுட்டை கொடுத்தேனே, அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். எனக்கு ஏன் இன்னும் கரு தங்கலைன்னு கேட்க.

— அங்க எதுக்குப் போன? ஊர்ல வேற டாக்டரே இல்லையா?

— பழைய நர்ஸம்மா என்னை அடையாளம் கண்டுக்கிட்டாங்க. பாராட்டுறதா நினைச்சு, என் முட்டையால மூணு வீட்ல குழந்தை விளையாடுதுன்னாங்க. நான் உனக்கு மட்டும்தானே கொடுத்தேன்?

— தினம் எத்தனை பேரைப் பார்க்கிறாங்க. யாரையோ நினைச்சுச் சொல்லியிருப்பாங்க.

— என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுக்கா.

— இந்தா பாரு குட்டி, அப்ப எங்க நிலைமை உனக்கே தெரியும். மிச்ச முட்டையை விட்டுக்கொடுத்தா வைத்தியச் செலவைக் குறைச்சுக்கிறோம்னாங்க. எப்படியும் வீணாப் போறதுதானேன்னு தலையாட்டிட்டேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை?

— கேட்டா ஒத்துக்க மாட்ட.

— தெரிஞ்சேதான் செஞ்சிருக்க. வயிறு வீங்கி மூச்சு முட்டினப்போ, அக்காவுக்காகத்தானேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். நிறைய முட்டை வேணும்னு மருந்தைக் கூட்டிக் கூட்டி ஏத்தியிருக்காங்க. எடுத்ததுக்கப்புறம் உள்ள சீழ் பிடிச்சு எல்லாம் கெட்டுப்போச்சாம். எனக்கு இனிமே தங்காதுன்னு கையை விரிச்சுட்டாங்கக்கா.

— ஐயோ, சத்தியமா இது எனக்குத் தெரியாதும்மா.

— தெரிஞ்சிருந்தா மட்டும்? சரி விடு, சண்டை போடத் தெம்பில்ல. எனக்கு மிஞ்சினது உன் பொண்ணு ஒருத்திதான். சிரிச்சா என்னை மாதிரியே அவளுக்கும் கன்னத்துல குழி விழுது. என் வயித்துல பொறக்கலைன்னாலும் என் ரத்தம். லீவு விட்டா அவளை என்கிட்ட அனுப்பு. நான் எல்லாத்தையும் மறந்துடறேன்.

— குட்டி...

— ஏன் தலையைக் குனிஞ்சுக்கிற? அதுக்குக்கூட மனசு வரலையா?

— உன் ஜாடைல ஒரு குழந்தை இந்த வீட்ல ஓடினா, ஊரே உன்னை அம்மாங்கும், என்னை வளர்த்தவள்னு சொல்லும். அந்தப் பயம் அப்ப என்னைப் பிடிச்சு ஆட்டுச்சு.

— அதுக்கு?

— மிச்சத்தை மட்டும் கொடுக்கல குட்டி. எல்லாத்தையும் கொடுத்துட்டு, முகம் தெரியாத ஒருத்தியோட முட்டையை வாங்கிக்கிட்டேன்.