நேர்ல வந்து கூப்பிட்டா வர்றேன்

உக்காருங்க தம்பி, அதுக்குள்ள ஏன் எந்திரிக்கிறீங்க? கெட்டில்ல டீ இன்னும் பாதி இருக்கு. அழைப்பிதழ் மேசையிலயே இருக்கட்டும். துணை ஆளுநர் மூணு மாடி ஏறி வந்து கூப்பிட்டிருக்கீங்க, நினைவு நாளுக்கு வராம இருப்பேனா?

அந்தப் படமா? அவருதான், என் வீட்டுக்காரர் நெஜ்தெத். நீங்க சிலைல மாட்டி விட்டிருக்கீங்களே, அந்த மாதிரி கண்ணாடியெல்லாம் போட மாட்டாரு. சிலை செஞ்சவன் யாரப் பாத்துச் செஞ்சானோ. பரவால்ல, செத்துப் பதினோரு வருஷம் ஆச்சு, இந்நேரம் அவருக்கும் கண்ணு மங்கியிருக்கும்.

எதுக்காகக் கொன்னாங்கன்னு கேக்குறீங்களா? அப்ப நீங்க காலேஜ்ல இருந்திருப்பீங்க. மதம் இந்த மடம் நடத்துற ஷேக்குமாருங்க வீட்டுச் சொத்து இல்லன்னு பேப்பர்ல எழுதினாரு. அஞ்சு வேளையும் தொழுவுற மனுஷன் தம்பி, யுனிவர்சிட்டில மதப் பாடம் நடத்துனவரு. அவர மதத்துக்கு எதிரின்னாங்க. சாமி இல்லைங்கிறவங்களுக்கும் அவரப் பிடிக்கல, தொழுவுறாராம். ஒரு ஜனவரி காலைல காருக்குள்ள உக்காந்து சாவியத் திருப்புனாரு. நான் இதே ஜன்னல்ல நின்னு கையசைச்சுட்டு இருந்தேன்.

அட, ஸ்பூன கிளாஸ் மேல குறுக்க வெச்சுட்டீங்களா? போதும்னு அர்த்தம், தெரியும். அங்காராவுல பொறந்தவளுக்கு அது தெரியாதா? ஆனா பாருங்க, இது புதுசா இறக்குன டீ, அந்தக் கணக்கு இதுக்குச் செல்லாது. ஸ்பூன இப்படிக் கொடுங்க. எள்ளு தூவுன வளைய ரொட்டி ஒண்ணு எடுத்துக்கோங்க, சூடா இருக்கு.

அன்னைக்கு மத்தியானமே மினிஸ்டர் வந்துட்டாரு. வர்றதுக்கு முன்னால தீயணைப்பு வண்டி வந்து தெருவக் கழுவி விட்டுருச்சு. மினிஸ்டரோட ஷூ அழுக்காகக் கூடாதுல்ல? குண்டுத் துண்டு, கம்பி, கண்ணாடி எல்லாம் சாக்கடைல போச்சு. அப்புறமா வந்த விசாரணைக்காரங்க, தடயம் எதுவும் இல்லைன்னு ரொம்ப வருத்தப்பட்டாங்க. கொலைகாரனப் பிடிக்கிறது எங்க மானப் பிரச்சனைன்னு மினிஸ்டர் என் கையப் பிடிச்சுச் சொன்னாரு. அடுத்த மினிஸ்டரும் அதேதான் சொன்னாரு. எனக்குத் தெரிஞ்சு மானம் எட்டுப் பேர் கை மாறியிருக்கு.

இல்ல தம்பி, பிடிக்கலைன்னு யாரு சொன்னா? நல்லாப் பிடிச்சாங்க. எலக்‌ஷன் வரும்போதெல்லாம் ஒருத்தனப் பிடிப்பாங்க. ஒருத்தன இந்தத் தெருவுக்கே கூட்டி வந்து எப்படிச் செஞ்சேன்னு காட்டச் சொன்னாங்க. பாவம், அவன் எதிர்வீட்டுக்காரர் காரக் காட்டுனான். அவருக்கு அன்னைலேர்ந்து சர்க்கரை வியாதி.

ஆனா நினைவு நாளுக்குப் பூ வைக்க மட்டும் எல்லாரும் வந்துருவாங்க. சிவப்புப் பூ, ஒரு நிமிஷம் மௌனம், கோட்டுல அவரு படம் குத்திக்கிறது. படத்தக் கீழ போட்டுட்டுப் போனவங்க படத்த மொதல்ல எல்லாம் நான்தான் பொறுக்கிட்டு வருவேன். அதனாலதான் இத்தன வருஷமா விழாப் பக்கமே வராம இருந்தேன்.

என் மகளா? பெர்ரின். ஆமா, அவளும் அதே பேப்பர்லதான் எழுதுறா. எவ்வளவோ சொன்னேன், அப்பன் மாதிரியே பிடிவாதம். போன மாசம் ஒரு ஷேக்கோட அறக்கட்டளையப் பத்தி எழுதுனா. அடுத்த நாளே போன்ல, உன் அப்பன் கார் நல்ல கார்டின்னு ஒருத்தன் சொல்லிட்டு வெச்சுட்டான். காவலுக்கு ஒரு போலீஸ் கொடுங்கன்னு உங்க ஆபீஸுக்கு எழுதினோம். குறிப்பிடும்படியான ஆபத்து இல்லைன்னு பதில் வந்துச்சு. உங்க கையெழுத்துதான். அய்யோ, முகத்தத் தொங்கப் போடாதீங்க, முன்னால வெக்கிற காயிதத்துல எல்லாம் கையெழுத்துப் போடுறதுதானே உங்க வேலை.

நானே தினம் துடைப்பக் கம்புல கண்ணாடி கட்டி, பனில குனிஞ்சு, அவ காருக்கடியில பாத்துட்டு வருவேன். என்ன தேடணும்னே எனக்குத் தெரியாது தம்பி. பயம்தான் தெரியும். மூணு நாளா மூலைல ஒரு சாம்பல் கலர் கார் நின்னுச்சு, உள்ள ரெண்டு பேரு. ஸ்டேஷன்ல சொன்னா, கார் நிக்கிறது குத்தமில்லைங்கிறாங்க.

இருங்க, போன் அடிக்குது. வேண்டாம், எடுக்காதீங்க. ரெண்டு தடவ அடிச்சுட்டு நின்னுடும்.

நின்னுடுச்சு. அல்லாவுக்கு நன்றி.

இல்ல, நான் அழல. அது பெர்ரின்தான், பிளேனுக்குப் பத்திரமா வந்து சேந்துட்டேன்னு சொல்ற அடையாளம். ஸ்வீடன்ல ஒரு பேப்பர்ல வேலை போட்டுக் கொடுத்திருக்காங்க. எப்ப அவ முகத்த மறுபடி பாப்பேனோ தெரியல. இருக்கட்டும், உசுரோட இருந்தாப் போதும்.

நீங்க மாடி ஏறி வரும்போது எதிர்ல ஒரு பொண்ணு பெட்டியோட இறங்குச்சே, வழிவிட்டு நின்னீங்களே, அவதான். பெட்டியத் தூக்கி டிக்கில வெச்சது உங்க போலீஸ்காரருதான், நல்ல பையன். உங்க உசுருக்காக இன்னைக்குக் காலைல தெருவுல நின்ன ஒவ்வொரு காரையும் போலீஸ் நாய் மோந்து பாத்துச்சு. அவ காரையும்தான். சாம்பல் கலர் கார் உங்க படையப் பாத்ததும் ஓடிருச்சு. அதுக்குத்தான் தம்பி, நேர்ல வந்து கூப்பிட்டா விழாவுக்கு வர்றேன்னு உங்க ஆபீஸுக்கு நானே போன் பண்ணினேன். இப்ப நீங்க கிளம்பலாம்.