தனிச்சட்டி ரெண்டாங்

– அகப்பையைத் தாங்கோ, நான் கிண்டுறன். ரெண்டு மணித்தியாலமா அடுப்படியிலை நிக்கிறியள்.

– வேண்டாம் ஞானா. உமக்குக் கைப்பழக்கம் இல்லை. அடிப்பிடிச்சிடும்.

– ஓமோம், யாழ்ப்பாணத்திலை நாங்கள் சட்டியே காணாத ஆக்கள்! பலாக்காய்க் கறி வைக்க மூர்த்தி ஐயாவிட்டைப் படிக்கோணும். வத்தீட்டுதுதானே, இறக்குங்கோவன்.

– இது கறி இல்லையப்பா, ரெண்டாங். உதிலை இன்னும் பால் தெரியுதெல்லே… பால் முழுக்க வத்தி, எண்ணெய் பிரிஞ்சு, கறுத்து வரோணும். இன்னும் ரெண்டு மணித்தியாலம் இருக்கு.

– ஐயோ கடவுளே! ஜன்னலைத் திறந்தால் மைனஸ் இருபது, பூட்டினால் புகைக்கு அலாம் அடிக்கும். மேல்வீட்டு மதாம் இப்ப வந்து கதவைத் தட்டப்போறா.

– நீர்தானே கேட்டனீர்? கலியாணம் கட்டி மூண்டு வரியமா, இதை வைச்சால் இருமல் வருது எண்டு மூக்கைப் பொத்திற ஆள்… நேற்று புரோசார்ட் கடைக்குப் போய் பலாக்காய் ரின்னும் சேரைப் புல்லும் நீரே வாங்கிக்கொண்டு வாறீர். என்ன விசயம்?

– ஆசையா இருந்துது. புருசன்ரை கையாலை சாப்பிடக் கூடாதோ?

– சாப்பிடும், சாப்பிடும்…

– ஆர் பழக்கினது இதை?

– எத்தினை தரம் சொல்லிப்போட்டன். தொண்ணூற்றெட்டிலை, கனடாவுக்கு எண்டு கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்சிக்காரன் மேடானிலை எங்களை விட்டிட்டு ஓடினாப்பிறகு…

– இந்தோனேசியாவிலை மூண்டு வரியம், வீட்டுக்காரக் கிழவி, பின்னறை. அது எனக்குப் பாடம். ரெண்டாங் ஆர் பழக்கினது?

– அந்தக் கிழவிதான்.

– அவையள் இறைச்சியிலைதானே செய்யிறவை?

– ஓம், மாட்டிறைச்சி. பெருநாளுக்கு ஒரு பெரிய சட்டி ஏத்துவினம். நான் மாடு தின்னன் எண்டு… எனக்குப் பலாக்காயிலை.

– அதே சட்டியிலையோ?

– சீச்சீ, தனிச்சட்டி. அகப்பையும் தனி.

– நாலு மணித்தியாலம்?

– …ஓம்.

– பின்னறையிலை இருந்த ஒரு அகதிப் பெடியனுக்கு, பெருநாள் வேலைக்கு நடுவிலை, தனிச்சட்டி ஏத்தி நாலு மணித்தியாலம் நிண்டு கிண்ட அந்தக் கிழவிக்கு என்ன விசரே?

– நல்ல மனிசி அவா.

– நானும் நல்ல மனிசிதான். சும்மா ஒருத்தருக்கு நான் அப்பிடி நிக்கமாட்டன். ஒருத்தியும் நிக்கமாட்டாள்.

– அடுப்பைக் கொஞ்சம் குறையும்.

– கதையை மாத்தாதேங்கோ.

– …கிழவிக்கு ஒரு மகள் இருந்தவ.

– ம்.

– நூர்ஹயாத்தி எண்டு பேர்.

– எப்பிடி இருப்பா?

– என்னப்பா இது, இமிகிரேசனிலை விசாரிச்ச மாதிரி…

– அவங்களுக்கு எல்லாம் சொன்னனீங்கள்தானே. எனக்கும் சொல்லுங்கோ.

– சிரிச்சுக்கொண்டே இருப்பாள். நான் தேங்காய் திருவுவன், அவள் கிண்டுவாள். மழை எண்டால் தகரத்திலை விழுற சத்தத்திலை ஒருத்தர் கதைக்கிறது மற்றவருக்குக் கேக்காது. கேக்காட்டியும் கதைச்சுக்கொண்டிருப்பம்… ஊரிலையிருந்து வெளிக்கிட்டாப்பிறகு நான் நிம்மதியாச் சாப்பிட்டது அந்தக் குசினியிலைதான், ஞானா. ஊரைக்கூட நான் இப்பிடி நினைக்கிறேல்லை.

– தெரியும். இதைக் கிண்டேக்கை உங்கட முகத்தைப் பாத்தால் தெரியும். அந்த முகத்தோடை என்னை ஒரு நாளும் பாத்ததில்லை நீங்கள்.

– ஞானா…

– எனக்கு எரிச்சலாத்தான் இருக்கு. பரவாயில்லை. என்ன சொல்லிப்போட்டு வந்தனீங்கள் அவவுக்கு?

– கனடாவிலை பேப்பர் கிடைச்ச உடனை கூப்பிடுறன் எண்டு.

– கிடைச்சுதெல்லே?

– கிடைச்சுது. அந்த நேரம் அம்மா உம்மடை படத்தை அனுப்பி, இவளைக் கட்டாட்டிக் கிணத்துக்கை குதிப்பன் எண்டு எழுதினவா…

– அதை அவவுக்கு எழுதினனீங்களோ?

– …இல்லை.

– ஒரு வரி?

– எழுதத் தொடங்குவன். பேந்து… என்னத்தை எண்டு எழுதுறது? ரெலிபோன் நம்பரையும் மாத்திப்போட்டன்.

– அட பாவி மனிசா! அஞ்சு வரியம்! உங்களுக்கு நெஞ்சு எண்டு ஒண்டு இருக்கே?

– ஏசும். நல்லா ஏசும்.

– வியாழக்கிழமை நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு ஒரு கோல் வந்தது. மேடானிலை உங்களோடை இருந்த சிவராசா அண்ணையிட்டை நம்பர் எடுத்தவவாம்.

– …ஆர்?

– முதல்லை எங்கட ஊர்ப் பொம்பிளை ஆரோ எண்டுதான் நினைச்சன். "ஓமோம், பேந்து எடுக்கட்டோ" எண்டு எல்லாம் எங்கட கதை. கொஞ்ச நேரத்திலை பாத்தால் அது உங்கட கதை. நீங்கள் இழுக்கிற இடத்திலை இழுத்து, நீங்கள் நிப்பாட்டுற இடத்திலை நிப்பாட்டி…

– அவளுக்குத் தமிழ் நான்தான்…

– விளங்கினது. மூண்டு வரியம் ஆர் பக்கத்திலை இருந்து பழகினது எண்டு அப்பவே விளங்கினது.

– என்ன… என்னவாம்?

– கிழவி வேறை இடத்திலை சம்பந்தம் பேசிப்போட்டாவாம். நீங்கள் கூப்பிடுவீங்கள் எண்டால் இன்னும் காத்திருப்பாவாம். இல்லையெண்டால் இல்லை எண்டு ஒரு சொல்லுக் காணுமாம். அழேல்லை, சிரிச்சுக்கொண்டுதான் கேட்டவ. ஞாயிற்றுக்கிழமை திருப்பி எடுக்கிறன் எண்டவ.

– இண்டைக்கோ!

– ஓம், இண்டைக்குத்தான்.

– நீர் சொல்லிப்போட்டீர்தானே… என்ரை மனிசி எண்டு சொல்லிப்போட்டீர்தானே?

– நல்லாயிருக்கு! அதையும் நான்தான் சொல்லோணுமோ?

– பகிடி விடாதையும். ஆர் எண்டு சொன்னனீர்?

– "நீங்கள் ஆர் கதைக்கிறது" எண்டு அவ்வளவு ஆசையாக் கேட்டவ… எனக்கு வாய் வரேல்லை. மூர்த்தியின்ரை தங்கச்சி எண்டு சொல்லிப்போட்டன்.