“போட்டது யாரு?” என்று கேட்ட பேராசிரியர்

அவைத்தலைவர் ஜெயகிருஷ்ணன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, வெயிலைப் பொருட்படுத்தாமல் இந்த நினைவுக் கூட்டத்துக்காக டெல்லி கோல் மார்க்கெட் வரை வந்திருக்கும் அன்பர்களே, வணக்கம்.

பாதி நாற்காலிகள் காலி. இருக்கட்டும்! பேராசிரியர் மேதா அம்மையாருக்குக் காலி நாற்காலிகள் புதிதல்ல. எங்கள் கல்லூரியில் அவர் நடத்திய வரைகலை வரலாற்று வகுப்பில் ஆறேழு பேருக்கு மேல் நான் பார்த்ததே இல்லை.

அவர் செய்த குற்றம்தான் என்ன? ஒரு கேள்வி கேட்டார். நான் எந்தச் சுவரொட்டியைக் காட்டினாலும், “அச்சா, நன்னா இருக்கு வைத்தி. போட்டது யாரு?” என்பார். பாடம் முழுக்க ஐரோப்பிய ஆண்கள்தானா? நம் தெருக்களில் எழுதியவர்கள் எங்கே? பெண்கள் எங்கே? கல்லூரிக் கூட்டம் ஒவ்வொன்றிலும் இதையே கேட்டு, மதியச் சாப்பாட்டுக்குத் துணையில்லாமல் போனார். எதிர் நாற்காலியில் நான் ஒருவன்தான் மிச்சம்.

நம் தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்பில் ஒரு டீக்கடைப் பலகை. நீல எழுத்து, மஞ்சள் நிழல். எழுதியவர் வீட்டு வேலை செய்யும் செல்லம்மாள். “எம் பேரு எதுக்கும்மா? டீ நல்லாருந்தா பத்தாதா?” என்று அவர் சிரித்தார். மேதா விடவில்லை, பலகையைப் படமெடுத்துப் பெயரோடு பாடத்தில் சேர்த்தார். பிறகு கேம்பை இடித்தார்கள். பலகை போயிற்று. செல்லம்மாளை மாதக்கணக்கில் தேடினார்; கிடைக்கவில்லை. இன்று அந்த எழுத்து இருப்பது அவருடைய பாடத்தில் மட்டும்தான். அந்த வகுப்பையும் நிறுத்திவிடலாம் என்கிறார்கள். நடத்த ஆளில்லையாம்!

நேற்று இந்தப் பதாகையை வாங்க அச்சகத்துக்குப் போனேன். அம்மையாரின் முகத்தைச் சுற்றி எவ்வளவு அழகான எழுத்து! சுருட்டிக்கொண்டு வாசல்வரை வந்தவன் நின்றுவிட்டேன். பக்கத்திலிருந்து வரவேண்டிய கேள்வி வரவில்லை. திரும்பிப் போய் நானே கேட்டேன். உள்ளே கணினி முன்னாலிருந்து ஒரு பெண் பதறி எழுந்தாள்.

“நான்தான் அங்கிள். ஏன், தப்பா இருக்கா?”

தப்பில்லை தாயே, உன் பெயரைப் போடு என்றேன். இதோ, வலது ஓரத்தில்: பூங்கோதை. பின்வரிசையில் அவரும் உட்கார்ந்திருக்கிறார்.

மேதா அம்மையாரே! நான் அச்சு இயந்திரம் சொல்லிக்கொடுப்பவன். உங்கள் அளவுக்கு வரலாறு தெரியாது. ஆனாலும் அந்த வகுப்பை நான் நடத்துகிறேன். செல்லம்மாளின் பலகைப் படத்துக்குப் பக்கத்தில் இந்தப் பதாகையையும் மாட்டுவேன். ஒருவர் வந்தாலும் நடத்துவேன். ஒருவரும் வராவிட்டால், காலி நாற்காலிகளைப் பார்த்தாவது கேட்பேன்: “போட்டது யாரு?”