கட்டத்தில் இல்லாத வேலை

இந்தப் பேனா நன்றாக எழுதுகிறது. எங்கள் அலுவலகத்தில் மூன்று பேருக்கு ஒரு பேனாதான், அதையும் நூலில் கட்டி வைத்திருப்பார்கள். வாயால் சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்டபோது, எழுதியே தருகிறேன் என்று நான் சொன்னதற்கு வேறு காரணம் ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருடமாகப் படிவம் நிரப்பிய கை. பேசினால் கோர்வையாக வராது, எழுதினால் வரும்.

உங்களுக்கும் அது வசதிதான், அம்மா. காலையிலிருந்து இந்த விசாரணையில் நீங்கள்தான் குறிப்பெடுக்கிறீர்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் உங்களைவிடப் பத்து வயதாவது இளையவராக இருப்பார். அவர் ஒரு வரி எழுதவில்லை, ஆனால் நீங்கள் எழுதியதன் கீழே அவர்தான் கையெழுத்துப் போட்டார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கே போனாலும் எனக்கு முதலில் இதுதான் கண்ணில் படுகிறது.

நான் சமூகநலத் துறையில் களப்பணியாளர், மூன்றாம் நிலை. தனியாக இருக்கும் முதியவர்களையும் நடமாட முடியாதவர்களையும் வீடு தேடிப் போய்ப் பார்ப்பது வேலை. என் பொறுப்பில் முப்பத்தொரு வீடு. வீட்டுக்கு வாரம் ஒரு பார்வை, பார்வைக்கு இருபத்தைந்து நிமிடம். படிவத்தில் நாலு கட்டம் இருக்கும்: தேதி, நேரம், பயனாளியின் நிலை, அடுத்த பார்வை. அந்த நாலு கட்டத்துக்குள் அடங்குவதற்குத்தான் சம்பளம். படிவம் எழுதும் நேரத்துக்குக்கூடச் சம்பளம் கிடையாது. அதனால் நாங்கள் எல்லோரும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவோம். சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து அடுத்த வாரம் முழுவதற்கும் ‘நிலை: மாற்றமில்லை’ என்று எழுதிவிட்டால், பத்தில் ஒன்பது சரியாகத்தான் இருக்கும். பத்தாவதைப் பிறகு அடித்து எழுதுவோம். இது தப்பு என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

அலுவலகத்தில் மொத்தம் நாற்பத்தொரு பேர். முப்பத்தைந்து பேர் பெண்கள், அதில் பாதிக்கு மேல் ஐம்பதைத் தாண்டியவர்கள். இளம்பெண்கள் வருவார்கள், ஒரு வருடம் இருப்பார்கள், துணிக்கடையில் இதைவிட அதிகம் தருகிறார்கள் என்று தெரிந்ததும் போய்விடுவார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆண்கள் ஆறு பேர்: இயக்குநர், துணை இயக்குநர், மேற்பார்வையாளர்கள் இரண்டு பேர், கணக்கர், ஓட்டுநர். ஆறு பேருக்கும் சொந்த நாற்காலி உண்டு. ஓட்டுநருக்கு வண்டிக்குள் இருக்கிறது. அவருடைய சம்பளமும் என்னுடையதைவிட ஒரு படி மேல், ஏனென்றால் அவர் வேலைக்கு உரிமம் வேண்டுமாம்.

வருடா வருடம் கூட்டத்தில் இயக்குநர் பேசுவார். “இந்த வேலைக்குப் பணம் முக்கியமில்ல, மனசுதான் முக்கியம். பெண்களுக்கு அது இயல்பாவே வருது” என்பார். நாங்கள் கைதட்டுவோம். இயல்பாக வருவதற்கு யார் காசு கொடுப்பார்கள்? தும்மலுக்குக் கொடுக்கிறார்களா?

என் மேற்பார்வையாளரை எல்லோரும் தம்பி என்றுதான் சொல்வோம். ஒன்பது வருடம் முன்பு அவர் சேர்ந்தபோது என்னோடுதான் அனுப்பினார்கள். படுக்கைப் புண் முதலில் எங்கே வரும், ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொல்பவரின் குப்பைக்கூடையை ஏன் எட்டிப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் என் பின்னால் நடந்து தெரிந்துகொண்டார். மூன்றாவது வருடம் என் மேற்பார்வையாளர் ஆனார். ஆண்கள் இந்தத் துறையில் நிலைக்க வேண்டுமானால் மேலே போக வழி இருக்க வேண்டும் என்றார்கள். நல்ல பிள்ளைதான். இன்றுவரை என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். ஒருமுறை என் நிலை உயர்வு பற்றிக் கேட்டேன். “அக்கா, உங்க வீட்டுல ரெண்டு சம்பளம். எனக்கு ஒத்தச் சம்பளம், ரெண்டு பிள்ளைங்க” என்றார். என் வீட்டுக்காரர் மூட்டை தூக்கி முதுகு போய் ஏழு வருடமாக வீட்டோடு இருப்பது அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் மறந்திருக்கலாம்.

இனி லிஃப்ட்காரரைப் பற்றி.

அவர் ஒரு பெரிய கட்டடத்தில் முப்பத்தாறு வருடம் லிஃப்ட் இயக்கியவர். ஓய்வு பெற்றபின் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தார். அதைச் சொல்லி அவரே சிரிப்பார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. கதவைத் திறந்ததும், “எத்தனாவது மாடி?” என்பார். நான் “மூணு” என்பேன். “வந்தாச்சு, இறங்குங்க” என்பார். கிளம்பும்போது, “கதவு மூடுது, கை பத்திரம்.” ஆறு வருடம் ஒரு நாளும் இது மாறவில்லை.

கடைசி இரண்டு வருடம் அவருக்கு மறதி. காலையில் தெளிவாக இருப்பார். பொழுது சாய்ந்தால் குழம்பிவிடும். விடிந்துவிட்டது என்று நினைத்து அடுப்பில் பாலை வைப்பார், வைத்ததை மறந்து கதவருகே நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார். தானே அணையும் மின்சார அடுப்பு ஒன்று வேண்டும் என்று நாலு தடவை கோரிக்கை எழுதினேன். நாலும் கிணற்றில் போட்ட கல்தான். சிலிண்டரை மூடிவிட்டு வந்தால் திறந்துவிடுவார், கை வேலை அவருக்கு மறக்கவில்லை. கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அடுப்பைத் திருப்புகிற கறுப்புத் திருகு இழுத்தால் கழன்று வரும். மாலையில் வீட்டுக்குப் போகும் வழியில் ஏறிப் போய், அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, திருகைக் கழற்றி என் கைப்பையில் போட்டுக்கொள்வேன். காலையில் அலுவலகம் போகும் வழியில் கொண்டுபோய் மாட்டுவேன். இரண்டும் சேர்ந்து தினம் ஒரு மணி நேரம். இது எந்தக் கட்டத்திலும் வராது.

சென்ற வருடம் சம்பளச் சீரமைப்புக் குழு கணக்கெடுப்பு நடத்தியது. ஒரு பெண் வந்தாள், சின்னப் பெண். வயது, பாலினம், பணி வருடம், நிலை எல்லாம் கேட்டாள். அலுவலக நேரத்துக்கு வெளியே வேலை உண்டா என்றும் கேட்டாள். நான் திருகை எடுத்து மேசைமேல் வைத்து விவரமாகச் சொன்னேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் கேட்கிறார். அவள் கேட்டு முடித்துவிட்டு, “ரொம்ப நல்ல விஷயம் மேடம். ஆனா பதிவு இல்லாததை நான் சேர்க்க முடியாது” என்றாள்.

அறிக்கை வந்தது. துறையில் ஆண்கள் குறைவாக இருப்பது கவலைக்குரியது, புதிதாகச் சேரும் ஆண்களுக்குச் சிறப்புப் படி வழங்கலாம் என்று இருந்தது. களப்பணியாளர்களுக்கு இப்போதைய நிலையே போதும், கூடுதல் வேலை செய்வதாகச் சொல்லப்படுவதற்கு ஆதாரம் இல்லை என்றும் இருந்தது. நான் இலவு காத்த கிளியானேன். அன்று தம்பி என் மேசைக்கு வந்து ஆறுதலாகப் பேசினார்.

“மேல்முறையீடு பண்ணலாம் அக்கா. வியாழக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. ஆனா சும்மா எழுதினா எடுபடாது. நீங்க போகலைன்னா என்ன ஆகும்னு காட்டணும்.”

அவர் சொன்னது அவ்வளவுதான். அவர்மேல் பழி போடாதீர்கள். நியாயமான யோசனை என்று எனக்கும் பட்டது.

முப்பத்தொரு வீட்டையும் ஒவ்வொன்றாக யோசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு செய்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. ஒரு வீட்டில் பேரக்குழந்தைகள் வந்து போகிறார்கள், அது வேண்டாம். கால் இழந்த அம்மாவுக்கு வெளியூரில் மகள் இருக்கிறாள், தாங்க மாட்டாள். லிஃப்ட்காரரின் எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது. கீழ்வீட்டுக்காரர்கள் இருட்டியபின்தான் வருவார்கள். அவருக்கென்று அழ ஆள் இல்லை. ஆக, அவர்.

செவ்வாய்க்கிழமை மாலை நான் போகவில்லை. நேராக வீட்டுக்குப் போனேன். இத்தனை வெளிச்சத்தில் வீட்டுக்கு வந்து எத்தனை நாளாயிற்று என்று என் வீட்டுக்காரர் ஆச்சரியப்பட்டார். புதன் காலை வழக்கம்போல ஏறிப் பார்த்தேன். பாத்திரம் கரிந்து கிடந்தது, அவர் நன்றாக இருந்தார். பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனேன். கரிந்த பாத்திரம் குழுவுக்குப் போதாது.

புதன் மாலையும் போகவில்லை, ஒன்றும் ஆகவில்லை. வியாழக்கிழமை மதியம்வரை காத்திருந்தேன். ஐந்து மணிக்கு மேல் மனுவை வாங்க மாட்டார்கள். நான் எங்கள் வழக்கப்படி முன்கூட்டியே எழுதினேன். ‘மாலைப் பார்வை நிறுத்தப்பட்டதன் விளைவு: பயனாளி தீ விபத்தில் இறப்பு.’ இணைப்பாகச் சேர்த்துக் கொடுத்தேன். வாங்குகிறவர் படிக்கவில்லை, தேதி முத்திரை குத்தி உள்ளே போட்டார். வியாழன் மாலையும் வெள்ளி மாலையும் நான் போகவில்லை. லிஃப்ட்காரர் இறந்தது வெள்ளிக்கிழமை மாலை. ஒரு நாள் தாமதம்.

அடுப்புக்கு மேலே தொங்கிய துண்டு பிடித்துக்கொண்டதாம். தீ பெரிதில்லை, புகைதான் காரணம் என்றார்கள். நாற்காலியில், கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாராம்.

மேல்முறையீடு வென்றது. தம்பிதான் ஓடி வந்து சொன்னார், “அக்கா, நீங்க சொன்னது ஜெயிச்சிடுச்சு.” மாலைப் பார்வை இனி முறைப்படியான வேலை. அதற்கென்று புதுப் பதவிகள், என் நிலைக்கு இரண்டு படி மேலே. ஆணையின் கடைசிப் பத்தியை அவர் மெல்லப் படித்தார். மாலை வேளையில் பெண்களைத் தனியாக வீடுகளுக்கு அனுப்புவது பாதுகாப்பல்ல என்பதால் ஆண் விண்ணப்பதாரர்களுக்கு முன்னுரிமை. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரித்ததை அவர் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

கோப்பு மேலே போனபோதுதான் யாரோ முத்திரைத் தேதியைப் பார்த்திருக்கிறார்கள். யாரென்று உங்களிடம் கேட்டேன், கீழ்நிலை எழுத்தர், ஒரு பெண் என்றீர்கள். அந்தக் கூர்மைக்கும் அவளுக்குத் தனியாக ஒன்றும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இதுவரை எழுதியதில் குற்றம் என்று பெரிதாக ஒன்றுமில்லை என்று என் வழக்கறிஞர் சொல்கிறார். சம்பளமில்லாத வேலையை ஒருத்தி செய்யாமல் விட்டாள், அவசரத்தில் படிவத்தை முன்கூட்டியே எழுதினாள், அவ்வளவுதானாம். நானும் பல நாள் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். இதோடு நிறுத்திக் கையெழுத்துப் போடலாம். ஆனால் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை.

புதன் காலை நான் போனபோது அடுப்பில் திருகு இல்லை. அவர் கையில் இருந்தது. அவரே கழற்றி வைத்திருந்தார். அன்று என்னிடம் எத்தனாவது மாடி என்று கேட்கவில்லை. திருகை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

“நேத்து நீங்க வரல. சாயங்காலமானா நான் என்ன பண்றேன்னு எனக்கே தெரியலம்மா. இத நீங்களே வச்சுக்கோங்க, திருப்பித் தர வேணாம். டீய நான் கீழ கடையில குடிச்சுக்கறேன்.”

ஆறு வருடத்தில் அவர் பேசியதிலேயே தெளிவான பேச்சு அது. நான் அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். “எதுக்குய்யா இந்த வயசுல மூணு மாடி ஏறி இறங்கணும்? இருக்கட்டும், சாயங்காலம் நான் வந்து கழட்டிக்கறேன்” என்றேன். அவர் என்னை நம்பினார். நான் அடுப்பருகே போய்த் திருகை மாட்டினேன், சரியாகப் பொருந்தியதா என்று ஒருமுறை திருப்பியும் பார்த்தேன். நான் கிளம்பும்போது, “கதவு மூடுது, கை பத்திரம்” என்றார்.

ஆகவே, போகாமல் விட்டதல்ல என் குற்றம். போனேன். போய், அவர் கழற்றியதை மாட்டிவிட்டு வந்தேன். அவரைக் கொன்றது நான்தான்.

மருத்துவமனையில் உடலைப் பெற்றுக்கொள்ள ஆள் தேடினார்கள். அவர் வீட்டுச் சுவரில் எழுதியிருந்த ஒரே தொலைபேசி எண் என்னுடையது. அங்கேயும் ஒரு படிவம். ‘இறந்தவருக்கு உறவு’ என்ற கட்டத்தில், களப்பணியாளர், மூன்றாம் நிலை என்று எழுதினேன்.

அழ ஆள் இல்லாத வீடு என்று பார்த்துத்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன், அம்மா. அதற்குப் பிறகு மூன்று நாள் நான் அழுததை நீங்கள் கொடுத்த இந்தத் தாளில் எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. பதிவு இல்லாததை எப்படியும் சேர்க்க மாட்டீர்கள், அதனால் அதை விட்டுவிடுகிறேன்.